குழல் மாற்றிய துவக்கு

நோர்வேஜியர்களின் பாதுகாப்பு உணர்வைப் பற்றி என்னிடம் யாரும் புகழ்ந்து பேசக்கூடாது. ஒரு காலத்தில் நானே வாய் ஓயாமல் புகழ்ந்திருக்கிறேன். தலைக்கவசம் போடாமல் ஒரு குழந்தை முச்சக்கர சைக்கிளில் வாசலைத் தாண்டினால் முன்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து கூப்பிடுவாள். இருட்டுகிற மாதங்களில் நாய்க்குக்கூட வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி கட்டுவார்கள். ஒஸ்லோ ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்துக்கு, புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியை மாற்றினீர்களா என்று கேட்டு வருடம் தவறாமல் கடிதம் வரும். இவ்வளவும் பார்க்கிற சனம், பாட்டன் விட்டுப்போன வேட்டைத் துவக்கு என்று வந்தால் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறது.

இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். அடங்கட்டும் என்று ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். அடங்கவில்லை.

நான் லில்லெஸ்ட்ரோமில் ஓர் இயந்திரப் பட்டறையில் அளவு பார்க்கிறவன். லேத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு துண்டும் என் மேசைக்கு வந்துதான் வெளியே போகும். ஒரு தலைமயிரின் தடிப்பில் கால்வாசி கூடியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். என்னை அப்படிப் பழக்கியவர் எங்கள் போர்மன். என்னைவிட இரண்டு வயது மூத்த நோர்வேஜியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தண்டைக் காட்டி, பார்த்தால் சரிபோலத்தான் இருக்கிறது என்றேன். நீ பார்த்ததைக் கேட்கவில்லை, அளந்ததைக் கேட்டேன் என்றார். அன்று எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் அந்த ஒரு பேச்சுக்காகவே பதினெட்டு வருடமாக அவரை மதித்து வந்தேன். அவர் வீட்டில் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம், எங்கள் வீட்டு நண்டுக் கறியை அவர் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டிருக்கிறார். என் மகளுக்கு முதன்முதலாகப் பனிச்சறுக்குக் கட்டைகள் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

மகள் ஒஸ்லோவில் பிறந்தவள். இருபத்தெட்டு வயது, ஒரு மருத்துவமனையில் தாதி. இரண்டு வருடத்துக்கு முன் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு வந்து நின்றாள். இங்கே இலையுதிர்காலம் வந்தால் பாதி நாடு எல்க் வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விடும். எல்க் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கும் காட்டுமான். எங்கள் போர்மனின் வேட்டைக்குழுவில் ஒருவருக்கு முழங்கால் சரியில்லாமல் போக, அந்த இடத்துக்கு இவளைச் சேர்த்துக்கொண்டார்கள். என் மனைவிக்கு அதில் இருந்த ஒரே மனவருத்தம், வேட்டை தொடங்கும் நாள் புரட்டாதிச் சனியோடு வருகிறது என்பது. உலகம் முழுக்க மரக்கறி சாப்பிடுகிற நாளில் என் பிள்ளை துவக்கோடு வெளிக்கிடுகிறாள் என்று ஒரு கிழமை புறுபுறுத்தாள்.

எனக்கு வேட்டையில் ஒரு குறையும் தெரியவில்லை. நீங்கள் யுத்தத்திலிருந்து வந்தவராயிற்றே, மகள் துவக்கு எடுத்தால் மனம் பதறாதா என்று கேட்டவர்களுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். அது பொய்யில்லை.

கோடை முடியும் நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்மன் எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். கோப்பி ஊற்றி முடிய, நிலவறைக்குப் போய் இரும்பலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தன் பாட்டனின் துவக்கு என்றார். இந்த வருடம் உன் மகள் இதைத்தான் கொண்டுபோக வேண்டும், அவளுக்கு இரவல் கொடுப்பதாக எழுதியும் வைத்திருக்கிறேன் என்றார். சொந்தப் பேரப்பிள்ளைகள்கூட இன்னும் அதைத் தொட்டதில்லையாம். என் மனைவி பூரித்துப் போனாள். நானும்தான்.

அந்தத் துவக்கின் சரித்திரத்தையும் அவரே சொன்னார். போர் முடிந்து ஜெர்மன்காரர் இந்த நாட்டைவிட்டுப் போனபோது குவியல் குவியலாக விட்டுப்போன இராணுவத் துவக்குகளில் அது ஒன்று. நோர்வே இராணுவம் அவற்றை வீசாமல், ஜெர்மன் தோட்டாவுக்கான குழலைக் கழற்றிவிட்டு அமெரிக்கத் தோட்டாவுக்கான குழலைப் பூட்டிப் பாவித்தது. பிறகு இராணுவம் விற்றபோது பாட்டன் ஒன்றை வாங்கினார். அமெரிக்கத் தோட்டாவின் உதை அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரில் உழவு இயந்திரம் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து, இந்த நாட்டு வேட்டைக்காரருக்குப் பிடித்த ஆறரை மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டார். ஆக, ஒரே துவக்கில் அது மூன்றாவது குழல்.

உழவு இயந்திரக்காரர் மாற்றியதை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டேன். வாய்ப்பழக்கத்தில் வந்த கேள்விதான். அந்த மனிதர் நல்ல கைராசிக்காரர் என்றார் போர்மன். பட்டறையில் யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் இவர் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பொலிஸ் பதிவு இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு என்றும் சொன்னார். துவக்கு யாருடையது என்றுதான் பொலிஸ் பதிகிறது. குழலுக்குள் தோட்டா இருக்கும் அறையின் ஆழம் எத்தனை என்று பொலிஸ் எங்கே அளந்தது?

வேட்டைக்குப் போகுமுன் எல்லோரும் சுடும் திடலில் பயிற்சி எடுத்து, நூறு மீற்றர் தூரத்திலுள்ள எல்க் உருவத்தில் ஐந்து சூடும் வட்டத்துக்குள் விழச் சுட்டுக் காட்டவேண்டும். அதுவும் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே துவக்கால். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது அந்தத் திடல். முதல் நாள் பயிற்சிக்கு மகளோடு நானும் போனேன். அவள் கடையில் வாங்கிய புதுத் தோட்டாக்களைச் சுட்டாள். நன்றாகவே சுட்டாள். நான் வேறு வேலை இல்லாமல், துவக்கு வெளியே தள்ளிய வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி மேசையில் நிரையாக அடுக்கினேன். தொழில் புத்தி போகாது.

அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கோதிலும் அடிக்குச் சற்று மேலே, விரல் நகத்தால் கீறியதுபோல ஒரு மினுங்கும் வளையம். எல்லாக் கோதிலும் ஒரே இடத்தில். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் கம்பி தடக்கியது. உள்ளே பள்ளம் விழுந்திருந்தது.

துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் இது விளங்கும். தோட்டாவின் அடி, பின்னால் இருக்கும் பூட்டில் முட்டிக்கொண்டு இருக்கவேண்டும். குழலை மாற்றியவர் தோட்டா இருக்கும் அறையைக் கொஞ்சம் ஆழமாகக் கடைந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வந்துவிடும். வெடிக்கும்போது பித்தளைக் கோதின் முன்பக்கம் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடிப்பக்கம் பின்னால் இழுபடும். இழுபட்ட இடம் மெலியும். மெலிந்தது ஒருநாள் அறும். அறுந்தால் முன்னால் போகவேண்டிய நெருப்பும் காற்றும் பின்னால் வரும். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஒரு கோதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். சுவரின் தடிப்பை மைக்ரோமீற்றரில் அளந்து ஒரு தாளில் எழுதினேன். வளையம் இருந்த இடத்தில் பித்தளை மற்ற இடத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. புதுத் தோட்டா, ஒரேயொரு சூட்டில் இந்தக் கோலம். என் மகளின் வலது கண் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நாலு விரல் தூரத்தில் இருந்தது.

அறுத்த கோதையும் தாளையும் கொண்டுபோய்ப் போர்மனின் மேசையில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்காமல் இருக்க அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. கழுத்து மெல்லச் சிவந்தது. பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, தெ கோர் ப்ரா என்றார். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அர்த்தம். இந்த நாட்டில் பஸ் தவறினாலும் சொல்வார்கள், கூரை ஒழுகினாலும் சொல்வார்கள். பாட்டன் சுட்டார், அப்பா சுட்டார், நானும் சுட்டிருக்கிறேன், போனவர்கள் எல்லாரும் இரண்டு கண்ணோடுதான் செத்தார்கள் என்றார். தான் வீட்டில் வெடிமருந்து நிரப்பும் தோட்டாவைப் போட்டால் இந்த வளையம் இவ்வளவு தெரியாது என்றும் சொன்னார். ஒரே கோதில் நாலைந்து தடவை மருந்து நிரப்புவாராம். அப்படியானால் நாலைந்து தடவை இழுபட்ட பித்தளை, அது இதைவிட மோசம் என்றேன். நகரத்தில் துவக்குத் திருத்துகிற கடையில் கொடுத்தால் கேஜ் என்ற அளவுக்கட்டை வைத்துக் கால்மணி நேரத்தில் அளந்து சொல்வார்கள், நானே கொண்டுபோகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். பாட்டனின் துவக்கைக் கடைக்காரன் முன்னால் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாயா என்றார். அவருடைய தாயை யாரோ சந்தேகப்பட்டதுபோல முகம் போனது. கோதையும் தாளையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

இதுகூடப் பரவாயில்லை. அடுத்த பயிற்சி நாளில் நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

திடலில் உள்ள சின்ன மரவீட்டில் குழுவினர் எல்லாரும் கோப்பியும் வாபிளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தாளை எடுத்து, எல்லாரும் கேட்க அளவுகளைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரி முடியவில்லை, குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மிகவும் மெதுவாக, நீ அனுபவித்ததையெல்லாம் நினைத்தால் இது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எங்களுக்கு விளங்குகிறது என்றார். சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் கனிந்து போயின. ஒருவர் எனக்கு இன்னொரு வாபிள் எடுத்து வைத்தார். போர்மனின் முகத்தில் எனக்குத் தெரிந்தது நிம்மதி. பித்தளை மெலிந்த விஷயம் அந்த நிமிடத்தோடு என் மனம் மெலிந்த விஷயமாகிப் போய்விட்டது.

நான் கொண்டுவந்தது மில்லிமீற்றர் கணக்கு. அதை நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவரவில்லை, அவர்களுடைய நாட்டில், அவர்களுடைய பட்டறையில், அவர்களுடைய கருவியால் அளந்தேன். அதையே ஒரு நோர்வேஜியன் வாசித்திருந்தால் தாளைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள். நான் வாசித்தபடியால் அது பயம். முப்பது வருடம் வரி கட்டி, அவர்கள் பாஷையில் சண்டை பிடிக்கவும் பகிடி விடவும் பழகிய பிறகும் நான் அவர்களுக்குத் தோளில் தட்டி ஆறுதல் சொல்லவேண்டிய ஓர் அகதி. வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் மனைவி வாயைத் திறந்தாள்.

"அந்த மனிசன் தன்ரை பேரப்பிள்ளையளுக்கும் குடுக்காததை எங்கடை பிள்ளைக்குத் தந்திருக்கிறார். நீங்கள் அதை அறுத்து அளந்து, ஆக்களுக்கு முன்னாலை அவரை ஏன் அவமானப்படுத்திறியள்?"

அவமானப்பட்டது யார் என்று கேட்க வந்தேன். ஆனால் மகள் அதற்குள் அறுத்த கோதைக் கையில் எடுத்துவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மெலிந்த இடத்தை நகத்தால் தடவினாள். வேறு துவக்கு எடுக்கிறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். எனக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் பிரச்சினை. இந்த விஷயத்தில் எங்கள் சனம் படு கெட்டிக்காரர். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும், கொடுத்தவர் மனம் நோகவும் கூடாது. கறி உறைப்பு என்று சொல்லமாட்டோம், வயிறு நிறைந்துவிட்டது என்போம். மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். துவக்கின் மரப்பிடி பிள்ளைக்கு நீளமாக இருக்கிறது, தோளில் சரியாகப் பொருந்தவில்லை என்று சொன்னால் போயிற்று. யாருக்கும் நோகாது. துவக்குக்கும் பழுது சொன்னதாகாது.

அடுத்த ஞாயிறு மூவரும் போய் அப்படியே சொன்னோம். மகள் சொன்னாள், நாங்கள் பக்கத்தில் இருந்து தலையாட்டினோம். போர்மன் அவளுடைய தோளையும் கையையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, அவ்வளவுதானே என்றார். அவருடைய சொந்தத் துவக்கு தொழிற்சாலையிலிருந்து வந்து சில வருடம்தான் ஆகிறது, பிடியும் கட்டை. அதை நீ எடுத்துக்கொள், பாட்டனின் துவக்கு இந்த வருடம் சும்மா கிடக்கவேண்டாம், அதை நான் கொண்டுபோகிறேன் என்றார்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். இப்போது ஏதாவது சொன்னால் இவ்வளவு நேரம் சொன்னது பொய் என்றாகிவிடும். திரும்பவும் ஒரு தோள் தட்டல் வரும். அந்த மரவீட்டில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எழுதிக் கொடுத்த கணக்கைப் பார்த்தவர் அவர், அதற்குமேல் அவர் பாடு என்று நினைத்தேன். மகள் புதுத் துவக்கை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பியை விழுங்கிவிட்டு இன்னொரு துண்டுக் கேக் எடுத்தேன்.

பிறகு வந்த ஐந்து கிழமையும் பட்டறையில் அவரோடு தினமும் பேசினேன். தண்டு, சில்லு, விடுமுறை, மழை எல்லாம் பேசினோம்.

வேட்டையின் இரண்டாம் நாள் காலை பத்து மணிபோல மகள் தொலைபேசி எடுத்தாள். குரல் தாதியின் குரல், நிதானமாக இருந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னாள். போர்மன் தான் வீட்டில் நிரப்பிய தோட்டாவைப் போட்டு ஓர் எல்க்கைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். கோது அடியோடு அறுந்திருக்கிறது. அந்த வகைத் துவக்கில் பின்னால் வருகிற காற்று கோதை வெளியே தள்ளும் வலது பக்கத் திறப்பாலும் வெளியேறும். வலது கைக்காரர் சுட்டால் அது அநேகமாக முகத்தைத் தாண்டிப் போய்விடும். அவர் இடது கைக்காரர், அவருடைய முகம் துவக்கின் வலது பக்கத்தில் இருந்தது. பித்தளைத் தூளும் எரிந்த மருந்தும் நேரே கண்ணுக்குள் போயிருக்கின்றன. எல்க்குக்காகப் பக்கத்துக் காவலிடத்தில் நின்ற என் மகள் ஓடிப்போய், தன் தண்ணீர்ப் போத்தலால் கண்ணைக் கழுவி, உதவி வரும்வரை அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இடது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று மூன்றாம் நாள் வைத்தியர்கள் சொன்னார்கள்.

அன்று மாலை மகளும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். அவர் கட்டுப் போட்டபடி படுத்திருந்தார். என்னைக் கண்டதும், புது லேத் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். வாசலில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் நின்றார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது.

காரில் ஏறியதும் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். அறுத்துக் காட்டினேன், அளந்து எழுதிக் கொடுத்தேன், ஒரு நாயாவது கேட்டதா, என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினார்கள், இப்போது பார் என்று எல்லிங்ஸ்ருட் திருப்பம் வரும்வரை நிறுத்தாமல் பேசினேன். மகள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது திரும்பினாள்.

"ஓம் அப்பா, சொன்னனீங்கள். எனக்கு ஆபத்து இருந்த மட்டும் சொன்னனீங்கள். பிடி நீளம் எண்டு பொய் சொன்னது நான். அவர் தன்ரை நல்ல துவக்கை எனக்குத் தந்திட்டு அதைத் தான் கொண்டு போறன் எண்டு சொல்லேக்கை, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நீங்கள். அண்டைக்குப் பிறகு ஐஞ்சு கிழமை, ஒரு சொல்லாவது கதைச்சனீங்களோ?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் கோபிக்கலாம் என்று தேடினேன். காரில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம்.